உப்பளக்காரர் கூரை வேயும் இடம்

அளவெடுக்கும்போது எல்லாரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள். சொன்னாலும் கேட்க மாட்டார்கள். மூச்சை விடுங்க என்று சொன்னால் இன்னும் இழுப்பார்கள். அந்த அளவுக்கு வெட்டினால், ஜாக்கெட் வீட்டுக்குப் போய் முதல் மூச்சிலேயே பிரியும்.

எங்கள் தையல் கடை ராத்தாவிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. நாடாவை இடுப்பில் சுற்றிவிட்டு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்பார்.

"இப்ப என்ன வாசிக்கிறீங்க?"

தையல்காரியிடமிருந்து இந்தக் கேள்வியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆள் யோசிக்கும். யோசிக்கிற ஆளுக்கு வயிறு மறந்துபோகும். மூச்சு கீழே இறங்கும். ராத்தா அந்த நேரம் பார்த்து நாடாவைப் பிடிப்பார். உள்ளபடியான அளவு அதுதான்.

ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்வார்கள். கல்யாணப் பொண்ணு ஒருத்தி சமையல் புத்தகம் வாசிப்பதாகச் சொன்னாள், சொல்லும்போதே அழுதாள். நோனா ஒருவர், சிங்களத்து அம்மா, பேய்க்கதை வாசிக்கிறார், பகலில் மட்டும். கலகெதரவிலிருந்து வரும் மிளகுக்காரம்மா, சாமான் சுற்றி வரும் பேப்பரைத்தான் வாசிப்பார். "பாதிக் கதைதாங்க கிடைக்கும். மீதி வேற யாரு வீட்டுச் சீனியோட போயிருக்குமோ" என்றார். கண்ணாடி உடைந்த ஒரு அம்மா, முன்பு வாசித்ததையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். அவருக்கு அளவு அருமையாக அமைந்தது.

கேள்வி வேலைக்காக வந்தது. பிறகு எங்களுக்குள்ளேயும் தங்கிவிட்டது.

எங்கள் அறை மாடியில். கண்டி டவுனில், குளத்துப் பக்கமிருந்து ஏறிவரும் ஒடுங்கிய தெரு. கீழே பிளாஸ்டிக் சாமான் கடை. மேலே நாங்கள் மூன்று பேர். ராத்தா துணி வெட்டுவார். கடை அவருடையது. முஸ்லிம் வீடுகளில் மூத்தவளை ராத்தா என்பார்கள். எனக்கும் அவர் ராத்தாதான். யாழ்ப்பாணத்து அக்காவுக்குக் கைவேலை. கொக்கி, பொத்தான், ஓரம். பிழையாகத் தைத்ததைப் பிரிப்பதும் அவர்தான். துணிக்கு நோகாமல் பிரிப்பார். பெரிய மெஷின் எனக்கு. சோபா உறை, ஜன்னல் திரை, புத்தகப் பை, தடித்தது எல்லாம் என்னிடம் வரும்.

நான் மடுல்கெல்லப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். இப்போது அம்பிட்டியவில் ஒரு அறை. பள்ளிக்கூடம் ஆறாம் வகுப்போடு சரி. எழுத்துத் தெரியும். கூட்டிக் கூட்டித்தான் போவேன். வரி முடிவதற்குள் அதன் தலை மறந்துபோகும். திரும்பி வருவேன். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மலை ஏறுகிறவர்களும் நின்று நின்றுதான் ஏறுகிறார்கள்.

பத்து மணிக்கு மெஷின் நிற்கும். பால் விடாத பிளேன்டீ வரும். ராத்தா கேட்பார்.

"சரி. எங்க நிக்கிறீங்க?"

வாசிப்பில் எங்கே நிற்கிறோம் என்று சொல்ல வேண்டும். அதுதான் எங்கள் பத்து மணி. ராத்தா கொலைக்கதைப் பிரியை. யார் செய்தது என்று பாதியிலேயே கண்டுபிடித்துவிட்டு, கடைசியில் அது வேறு ஆள் என்று தெரிந்தால் எழுதியவரை ஏசுவார். நான் எதையாவது எடுத்துக்கொண்டு ஒரே பக்கத்தில் கிடப்பேன்.

"இன்னும் அங்கயா புள்ள? அந்தப் பக்கத்துக்கு வாடகை கேப்பாங்க ஒனக்கிட்ட."

"நல்ல எடமுங்க ராத்தா. காத்து வருது."

அக்காதான் எங்களில் பெரிய கதைக்காரி. ஆனால் அவர் தன் கண்ணால் வாசித்தவர் அல்ல. வீட்டில் அவர் கொக்கி தைத்துக்கொண்டிருக்க, புருஷன் பக்கத்தில் கதிரையைப் போட்டு உரக்க வாசிப்பாராம். முன்பு அரசாங்கக் கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். குரல் நல்ல குரல் என்று அக்கா சொல்வார். முந்தின மாலை கேட்டதை அடுத்த நாள் பத்து மணிக்கு எங்களுக்குச் சொல்வார். அவர் சொல்வதைக் கேட்டால் தேத்தண்ணி ஆறிவிடும்.

பிறகு அந்த மனுஷன் போய்விட்டார். காலையில் முகம் கழுவப் போனவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

அக்கா வேலைக்குத் திரும்பி வந்தார். கொக்கி தைத்தார். பத்து மணிக்குக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து ஊதினார்.

"எங்க நிக்கிறீங்க?" என்று ராத்தா கேட்டார்.

"ஓரிடத்திலயும் இல்லை."

அதற்கு மேல் இல்லை. மறுநாளும் அதே பதில்தான். ராத்தா கேட்பதை நிறுத்தவில்லை. அக்காவின் பதிலும் மாறவில்லை. மூன்று பேர் இருந்த அறையில் இரண்டு பேர் கதைத்தோம். எனக்கோ கதைக்கவும் பெரிதாக வராது.

வெட்டுமேசைக்கு ஒரு கால் குட்டை. அதன் அடியில் ஒரு தடித்த பொருள் இருந்தது. எங்களுக்கு முன்பு இருந்தவர்கள் வைத்தது. பலகை என்றுதான் நினைத்திருந்தோம். கட்டடத்துக்காரர் தரைக்கு ஓடு பதிக்க வந்தபோது மேசையைத் தூக்கினோம். பார்த்தால் புத்தகம்.

"அல்லாஹ்வே. இத்தன காலமும் இதுக்கு மேலயா நான் வெட்டின?" என்றார் ராத்தா.

அட்டை இல்லை. முதல் தாள் இல்லை. மழைக்காலத்தில் அந்தச் சுவர் கசியும். பூச்சி தாள்களின் அடி ஓரத்தைத் தின்றிருந்தது. பக்க எண் இருந்த இடம் எல்லாமே போய்விட்டது. உள்ளே தலைப்பும் இல்லை. கதை ஓரிடத்தில் நின்று, ஒரு சின்னப் பூப்படம் வந்து, மறுபடி தொடங்கும். தூக்கியபோது மூன்று கட்டாக விழுந்தது.

அக்கா குனிந்து ஒரு கட்டை எடுத்தார். தூசியைத் தட்டினார். நின்றபடியே கொஞ்சம் வாசித்தார்.

"உப்பளம்," என்றார். "உப்பளத்துக் கதை."

பல நாளுக்குப் பிறகு அவர் தானாகச் சொன்ன சொல் அது. நானும் ராத்தாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

"தைப்பம்," என்றார் ராத்தா உடனே. "புள்ளட மெஷின் எதுக்கு ஈக்குது?"

எந்தக் கட்டு முதல்? ஒன்று தெரிந்தது. அதில் கல்யாணம் நடக்கிறது. அது தொடக்கம். மற்ற இரண்டில் எது முன், எது பின்? உள்ளே வாசித்துப் பார்த்தால் தெரிந்திருக்கும். ஆனால் முன்கூட்டியே எட்டிப் பார்ப்பது எங்கள் அறையில் வழக்கமில்லை. அதனால் ராத்தா தொழில்படி பார்த்தார். ஒரே ரோலில் வெட்டிய துணியையும் நிறம் பார்த்துத்தான் அடுக்க வேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஒத்துப்போக வேண்டும். இல்லாவிட்டால் கை ஒரு நிறம், உடம்பு ஒரு நிறமாக வரும். முதல் கட்டு கறுத்துக் கிடந்தது. மற்ற இரண்டில் ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறல்.

"கறுப்புக்குப் பக்கத்துல கறுப்பு," என்றார் ராத்தா. "வெளிறினது கடைசி. எப்படி?"

"வடிவா இருக்கு," என்றார் அக்கா.

எனக்கும் சரி என்றே பட்டது. துணியில் அந்தக் கணக்கு ஒருநாளும் பிழைத்ததில்லை. சோபா உறையில் மிஞ்சிய பூத்துணியை அட்டையாக வைத்து, நைலான் நூல் கோத்து, தடித்த ஊசியால் ஒரே ஓட்டாகத் தைத்தேன். நல்ல தையல். இழுத்துப் பார்த்தோம். அசையவில்லை.

எங்களுக்கு அது மேசைக்கால் புத்தகம்.

புத்தகம் ஒன்று, ஆள் மூன்று. ஆளுக்கொரு வெட்டுத்துண்டு அடையாளமாக வைத்தோம். ராத்தாவுக்குப் பச்சை, அக்காவுக்கு நீலம், எனக்குச் சிவப்பு. பத்து மணிக்குப் புத்தகத்தைச் சாய்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்று தெரியும். ராத்தா ஒரு சட்டமும் போட்டார். பின்னால் நிற்கிறவளுக்கு முன்னால் உள்ளதைச் சொல்லக்கூடாது. அவள் வந்து சேரும்வரை அது நடக்கவில்லை என்றுதான் கணக்கு.

பின்னால் நிற்கிறவள் எப்போதும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமை புத்தகம் எனக்கு. பூத்துணி அட்டையோடு பையில் போட்டு அம்பிட்டியவுக்குக் கொண்டுபோவேன். தகரத்தில் மழை பெய்யும். சன்னல் பக்கம் உட்கார்ந்து கூட்டிக் கூட்டி வாசிப்பேன். ஒரு பெண் கல்யாணம் முடித்து, துணி மூட்டையோடு மாட்டு வண்டியில் ஏறுகிறாள். புருஷன் உப்பளத்துக் காவல்காரன். வண்டி போகிறது. வெள்ளை வருகிறது.

உப்பை நான் பாக்கெட்டில்தான் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு அந்த வெள்ளை, தோட்டத்தில் விடியும்போது இறங்கும் மூடுபனியாக வந்தது. பனி வயல் வயலாகப் பிரிந்து, வரம்பு கட்டிக் கிடந்தது. அதன் நடுவில் ஒரு வண்டி சத்தமில்லாமல் போனது. மாட்டின் கால் மட்டும் தெரிந்தது. நான் வரியை விட்டு எங்கேயோ போய்விடுவேன். எதிர்மலையில் நிஜப் பனி ஏறிக்கொண்டிருக்கும். எது புத்தகம், எது சன்னல் என்று கொஞ்ச நேரம் தெரியாது. அந்த நேரத்தில் உடம்புக்குப் பாரமில்லை. தூங்கியிருப்பேன் போல. விழித்தால் சிவப்புத் துண்டு அதே பக்கத்தில் கிடக்கும்.

அக்கா மத்தியானத்தில் வாசித்தார். சோற்றை ஒதுக்கிவிட்டு வாசித்தார். முதலில் விரல் வைத்து. பிறகு விரல் இல்லாமல். புருஷன் குரலில் கேட்டுப் பழகியவர், உதட்டை அசைத்து அசைத்து வாசித்தார். நீலத் துண்டு பச்சையைத் தாண்டிப் போனது.

ஒருநாள் பத்து மணிக்கு ராத்தா வழக்கம்போல் கேட்டார்.

"எங்க நிக்கிறீங்க?"

"ஆள் வந்திட்டார்," என்றார் அக்கா.

முகம் பழைய முகமாக இருந்தது. ராத்தா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"மெஷின ஓட்டு புள்ள. நாங்க பேசணும்."

ஓட்டினேன். துணியில்லாமல் மெஷின் சும்மா கடகடத்தது. அவர்கள் அதற்கு மேலாகக் கத்திப் பேசினார்கள். எல்லாம் கேட்டது.

"அந்தக் காவல்காரர்தான் மவுத்தாப் போயிட்டாரே. மழை வந்து, காய்ச்சல் வந்து. நானும்தானே வாசிச்சன்."

"ஓம். அதுக்குப் பிறகு வந்திட்டார். கூரை வேயிறார்."

"அது அவ பழச நினைக்கிற."

"நினைப்பெண்டு ஓரிடத்திலயும் போடேல்லை. ஏணி வைக்கிறார். ஓலைக் கிடுகு தூக்கிறார். வாயில கயிறைக் கவ்விக்கொண்டு அவவோட கதைக்கிறார். நினைப்பில ஆராவது வாயில கயிறோட கதைப்பினமோ, ராத்தா?"

ராத்தா என் பக்கம் திரும்பினார்.

"மெஷின நிப்பாட்டு. நூல் வீணாகுது."

"நூல் போடலங்க ராத்தா."

அக்கா சிரித்தார். சத்தமாகச் சிரித்தார். அவர் புருஷனும் பென்சிலை வாயில் வைத்துக்கொண்டுதான் பேசுவாராம். ஒரு சொல்லும் விளங்காதாம். அதை அன்றுதான் சொன்னார்.

அதிலிருந்து அக்கா திரும்பி வந்துவிட்டார். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி வந்தார். வாடிக்கைக்காரர்களிடம் தானாகவே கேட்டார், என்ன வாசிக்கிறீங்கள் என்று. எனக்கு மட்டும் கதையைச் சொல்லவில்லை. சட்டத்தை மதித்தார். என் சிவப்புத் துண்டைப் பார்த்துவிட்டு இவ்வளவுதான் சொல்வார்.

"நீர் ஆறுதலா, மெதுவா வாசியும். அந்தரப்படாதையும். நல்லது வருகுது."

வெளிறின கட்டை முடித்துவிட்டு மறுபடி அதன் தொடக்கத்துக்கே போனார். மறுபடி முடித்தார். கடைசிப் பக்கத்தில், கூரை முடிகிற இடத்தில் நீலத் துண்டு தங்கிவிட்டது.

பிறகு ஒரு டீச்சர் வந்தார். பெரிய வகுப்புக்குப் படிப்பிக்கிறவர். அக்கா அன்று வரவில்லை. புருஷனின் முதல் திவசம்.

ராத்தா நாடாவைச் சுற்றினார். கேள்வியைக் கேட்டார்.

"நானா? பிள்ளைகளோட விடைத்தாளத்தான் வாசிக்கிறேன்," என்று டீச்சர் சிரித்தார். மூச்சு இறங்கியது. அதே நேரம் மேசையில் கிடந்த பூத்துணி அட்டையைக் கண்டார். எட்டி எடுத்தார். கொஞ்சம் புரட்டினார்.

"அட. இது நான் கொலேஜ்ல படிக்கிற காலத்துல வாசிச்சது."

பெயரும் சொன்னார். அழகான பெயர்தான். எங்கள் வாயில் நிற்கவில்லை. இன்னும் புரட்டினார். நெற்றியைச் சுருக்கினார்.

"மாறித் தச்சிருக்கீங்களே. இந்த வெளிறின பகுதி நடுவுல வரணும். கூரை வேயுறது, ஆடு வாங்குறது எல்லாம் அவங்க நல்லா இருந்த காலம். மழையும் காய்ச்சலும்தான் கடைசி. அவர் செத்துப்போவார். அவ உப்பு மூட்டை லொறியில ஏறிப் போயிருவா. அதோட முடியும்."

ராத்தா மூச்சை உள்ளே இழுத்ததை அன்றுதான் பார்த்தேன்.

டீச்சர் நல்லவர். எங்களுக்கு உதவி செய்த சந்தோஷத்தில் இருந்தார். அடுத்த கிழமை வந்து ஜாக்கெட்டை எடுப்பதாகச் சொல்லிப் படியிறங்கினார்.

கீழே யாரோ வாளிகளை அடுக்கினார்கள்.

"பிரிக்கணும்," என்றார் ராத்தா.

"இருக்கட்டுங்க ராத்தா."

"பிழையாத் தச்ச சட்டைய நாங்க ஒருநாளாவது குடுத்தனுப்பி ஈக்கோமா?"

"இது சட்டை இல்லங்க."

"போட்டுட்டுப் போற ஆளுக்கு இது சட்டதான் புள்ள."

நான் புத்தகத்தைப் பார்த்தேன். நீலத் துண்டு கடைசியில் தொங்கியது. அதைப் பிரித்தால் அந்த மனுஷன் மறுபடி சாக வேண்டும். அதுவும் திவசம் முடிந்த கையோடு. அக்கா மறுபடி கோப்பையை ஊதிக்கொண்டு இருப்பார். ஓரிடத்திலயும் இல்லை என்பார்.

"யாருக்கும் நட்டமில்லையே," என்றேன். "அப்படியே இருந்துட்டுப் போகட்டும்."

"டீச்சர் ஜாக்கெட் எடுக்க வருவா. அக்கா இந்தக் கதிரையில இருப்பா. டீச்சர் கேப்பா, சரியாத் தச்சீங்களா எண்டு. அப்ப?"

வேற்று ஆள் வாயால் வருவதைவிட எங்கள் வாயால் வருவது மேல். அன்று நான் தைத்த திரை ஓரம் எல்லாம் கோணல்.

மறுநாள் அக்கா திவசத்து வடை கொண்டுவந்தார். வாழையிலையில் சுற்றியிருந்தது. கண் வீங்கியிருந்தது. ஆனாலும் ஆள் நிமிர்ந்தே இருந்தார். பத்து மணி ஆனது. மெஷின் நின்றது. பிளேன்டீ வந்தது. ராத்தா கத்தரிக்கோலைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"ஏன் இண்டைக்கு ஒருத்தரும் கேக்கேல்லை?" என்றார் அக்கா.

ராத்தா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன்.

"அக்கா. மாறித் தச்சிட்டோம். கூரை நடுவுல வரணுமாம். மழைதான் கடைசி. அந்த டீச்சர் வாசிச்சவங்க. சொன்னாங்க."

அவ்வளவுதான். இதைவிட மெதுவாகச் சொல்ல எனக்குத் தெரியாது.

அக்கா கோப்பையைக் கீழே வைத்தார். புத்தகத்தை எடுத்தார். வாசிக்கவில்லை. பக்கவாட்டில் திருப்பித் தாள் ஓரத்தைப் பார்த்தார். கறுப்பு, கறுப்பு, வெளிறல். விரலால் தடவினார்.

"மேல் கட்டில மேசைக்கால் அழுத்தியிருக்கு," என்றார். "கீழ்க் கட்டில தரை ஈரம். நடுவில கிடந்தது நனையேல்லை."

புத்தகத்தை மடியில் வைத்தார்.

"அப்ப அவர் வரேல்லை."

"இல்லங்க அக்கா."

வெளியே மழை இறங்கியது. கண்டி மழைக்கு நேரம் காலம் கிடையாது. குளத்துப் பக்கம் எல்லாம் வெளுத்தது. தெரு போனது, எதிர்க் கடை போனது. எங்கள் ஜன்னலும் மூன்று கோப்பையும் மட்டும் மிஞ்சின. ராத்தாவின் உதடு அசைந்தது. ஓதினார் என்று நினைக்கிறேன்.

அக்கா தன் பெட்டியைத் திறந்தார். தையல் பிரிக்கிற ஊசியை எடுத்தார்.

"நாளைக்குச் செய்யலாம்," என்றார் ராத்தா.

"பிரிக்கிறது என்ர வேலை."

பிரித்தார். நான் இறுக்கித் தைத்த தையல். ஒவ்வொரு கண்ணாக எடுத்தார். ஒரு தாள் கிழியவில்லை. நைலான் நூல் அவர் மடியில் சுருண்டு விழுந்தது. வெளிறின கட்டை எடுத்து நடுவில் வைத்தார். கறுத்ததைக் கடைசியில் வைத்தார். நீலத் துண்டு வெளிறின கட்டின் கடைசியில்தான் இருந்தது. அதைத் தொடவில்லை. இப்போது அது புத்தகத்தின் நடுவில் நின்றது.

"எல்லாம் வாசிச்சு முடிச்சனான்," என்றார். "எண்டாலும் நான் இதிலயே நிக்கிறன்."

"நில்லுங்க," என்றார் ராத்தா.

அக்கா என்னைப் பார்த்தார்.

"நீர் எங்க நிக்கிறீர்?"

"வண்டியிலதான் அக்கா. இன்னும் எறங்கல."

"அப்ப நீர் கூரைக்கு வரேல்லை."

"இல்லங்க."

"மழைக்கும் வரேல்லை."

"எங்கங்க. குடிசையே இன்னும் கண்ணுல படல."

அக்கா ராத்தாவின் பக்கம் திரும்பினார். "சட்டம் என்ன, ராத்தா? பின்னால நிக்கிறவள் வந்து சேருமட்டும்?"

"நடக்கல்ல," என்றார் ராத்தா. "இந்த அறையில ஒண்டும் நடக்கல்ல."

"அப்ப வடையைச் சாப்பிடுங்கோ. ஆறுது."

சாப்பிட்டோம். உழுந்து வடை. உப்புக் கொஞ்சம் கூட.

அன்று பின்னேரம் புத்தகத்தைத் திரும்பத் தைத்தேன். பழைய ஊசித் துளைகளிலேயே நூலை ஓட்டினேன். அட்டையும் அதே பூத்துணிதான். டீச்சர் வந்து ஜாக்கெட் போட்டுப் பார்த்தார். அளவு சரி. அக்காவே புத்தகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"இப்ப சரிதானே?"

"சரிதான்," என்றார் டீச்சர். "பாவம், இல்லையா, அந்தப் பொம்பள?"

"எங்கட ஆள் இன்னும் அதுக்கு வரேல்லை," என்று என்னைக் காட்டினார் அக்கா. டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார்.

காது கேட்டது வேறு. கண் வாசித்தது வேறு. மெஷின் சத்தத்தில் நான் கேட்டதெல்லாம் எங்கள் கணக்கில் வராது.

இப்போது நான் நடுக்கட்டில் இருக்கிறேன். தாள் வெளிச்சமாக இருக்கிறது. எழுத்துத் தெளிவாகத் தெரிகிறது. ஆடு வாங்கிவிட்டார்கள். அது இரண்டு தரம் அறுத்துக்கொண்டு ஓடி, உப்பு நக்கித் திரும்பி வந்துவிட்டது. புருஷனும் பெண்சாதியும் ஒரு குடத்துக்காகச் சண்டை போட்டு ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தார்கள். நானும் அன்று பேசவில்லை. பிறகு கூரைக்கு வந்தேன்.

பத்து மணியும் மாறிவிட்டது. அக்கா கொக்கித் தையலை நிறுத்துவதில்லை. தேத்தண்ணியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "வாசியும்" என்பார். நான் உரக்க வாசிக்க வேண்டும். எழுத்துக் கூட்டி, சொல் கூட்டி. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ராத்தா ஒரு சட்டைக் கையை வெட்டி முடித்துவிடுவார்.

"இன்னுமா ஓல முடியல்ல? நாலு பேரப் பிடிச்சி வேலைய முடிக்கச் சொல்லு புள்ள. மழ வந்திரும்."

சொன்ன பிறகுதான் ராத்தாவுக்கு விளங்கும். நாக்கைக் கடித்துக்கொள்வார். அக்கா தலை நிமிர மாட்டார்.

"கிடுகு பின்ன முதல் ஓலை ஊற வேணும், ராத்தா. ஊறாட்டி உடையும். அதுக்கு அதுக்கு நாள் இருக்கு."

வாசித்து வாசித்து இப்போது எனக்கு வேகம் வந்துவிட்டது. பஸ்ஸில் போர்டு, கடையில் விலை, பேப்பரில் மரண அறிவித்தல், எல்லாம் ஒரே பார்வையில் வாசிக்கிறேன். அதை அறையில் யாரிடமும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சன்னல் பக்கம் உட்கார்ந்து நீலத் துண்டு வரை போய், அதற்கு அப்பால் எட்டிப் பார்க்காமல் திரும்புகிறேன். சில ஞாயிறு சிவப்புத் துண்டை ஒரு தாள் பின்னுக்கு நகர்த்தி வைப்பேன்.

நேற்றும் பத்து மணிக்கு வாசித்தேன். வெள்ளை வெயில். ஏணி. அவள் கீழே நின்று கிடுகை எட்டிக் கொடுக்கிறாள். அவர் வாயில் கயிற்றோடு என்னவோ சொல்கிறார். அவளுக்கு விளங்கவில்லை.

"என்ன சொன்னவர்?" என்று கேட்டார் அக்கா.

அக்கா வாசித்த இடம்தான். பல தரம் வாசித்த இடம்.

"பொறுங்க அக்கா," என்றேன். "இன்னும் கூட்டி முடியல."